ஒரு கம்பியும் நூறு பேரும்: மின் அறிவித்தல் பலகைகளின் வரிசையும் செலவுக் கணக்கும்

மாரி மழை கனத்தால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி நீருக்குள் போய்விடும். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக்குவரத்து படகில்தான். படகு எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடம் உண்டா, நிவாரணப் பதிவு எந்த இடத்தில், மருந்துச்சீட்டோடு நிற்கும் முதியவரை யார் ஏற்றி வருவது என்று சேதிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அவை வட்ஸ்அப் குழுக்களில் ஓடுகின்றன. குழு நம்முடையது என்று நினைக்கிறோம். ஆனால் அதன் இயந்திரமும் ஆளியும் வேறு யாரோவின் கையில் இருக்கின்றன.

இதைப் போர் கண்ட மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை நிறுத்தப்பட்டன. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. உறவுகளைத் தேடிப் பலர் தொலைபேசியைக் கையில் எடுத்த அந்த நாளிலேயே சமூக ஊடகங்கள் மறுபடி முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அதே கதைதான்.

கிரான் பக்கத்து இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டது இதைத்தான்: “ஊருக்கென்று சொந்தமாக ஒரு பலகையை வைத்து நடத்த முடியாதா? எத்தனை பேர் தாங்கும்? மாதம் எவ்வளவு காசு போகும்?” ஊடகக் கற்கை படித்த காலத்தில் இந்தக் கேள்விக்கான பதிலை ஒரு பாடத்தின் ஓரத்தில் கண்டிருக்கிறேன். இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்னரே, ஒரு தொலைபேசிக் கம்பியை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சேவை செய்த மின் அறிவித்தல் பலகைகள் இருந்தன. அவர்கள் வரிசையை எப்படி முறைப்படுத்தினார்கள், செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன். தொழில்நுட்பம் பழையது. கணக்கு பழையதல்ல.

பலகை என்றால் என்ன?

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் பெரும் பனிப்புயலில் முடங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் அடைபட்ட வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு கணினி ஆர்வலர்கள் தங்கள் கழகத்து நண்பர்களுக்காக ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. யாராவது தமது கணினியிலிருந்து அந்த இலக்கத்தை அழைத்தால், பலகையில் உள்ள செய்திகளை வாசிக்கலாம், தாமும் ஒன்றை எழுதிவைக்கலாம். அழைப்பைத் துண்டித்ததும் அடுத்தவர் வரலாம். 1978 பெப்ரவரி 16 அன்று அது பொதுப் பாவனைக்கு வந்தது. அதுவே உலகின் முதல் பி.பி.எஸ். எனப்படுகிறது.

இதன் அடிப்படைக் குறையும் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. ஒரு கம்பி என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் உள்ளே இருக்கும்வரை மற்ற எல்லோருக்கும் “பிஸி” ஒலிதான். பலகையின் பொறுப்பாளரை ‘சிசொப்’ என்பார்கள். அவருடைய வேலையில் பெரும்பகுதி, ஒருவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதே.

எங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. மட்டக்களப்பின் வயல் வட்டைகளில் ஒரே வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பல வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுபவர் வட்டவிதானை. தண்ணீரை அவர் உண்டாக்குவதில்லை. யாருக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்துக்கொள்கிறார். மேல்வாய்க்காலில் இருப்பவர் வரம்பை வெட்டிவைத்துக்கொண்டு படுத்துவிட்டால் கடைசி வயல் காயும். பலகையின் பொறுப்பாளரும் ஒரு வட்டவிதானைதான்.

எத்தனை கம்பி போதும்?

“ஒரு நாளுக்கு 1,440 நிமிடம் இருக்கிறது. 100 பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்தாலும் 1,000 நிமிடம்தானே?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் மக்கள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. வேலை முடிந்து, விளக்கு வைத்த பிறகு எல்லோரும் ஒன்றாக வருவார்கள். கணக்கை அந்த நெரிசல் மணித்தியாலத்துக்குத்தான் போட வேண்டும்.

இதற்கான சூத்திரத்தை டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் ஏ. கே. ஏர்லாங் 1917இல் வெளியிட்டார். ஓர் உதாரணம். மாலையில் ஒரு மணித்தியாலத்துக்கு 6 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 10 நிமிடம். மொத்தம் 60 நிமிட வேலை. ஒரு கம்பி சரியாகத் தாங்கும்போல் தெரிகிறது. ஆனால் அவர்கள் நேரம் பேசிவைத்து வருவதில்லை. ஆகவே சூத்திரம் தரும் விடை இப்படி இருக்கிறது:

ஒரு கம்பி என்றால் வருபவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள்.
இரண்டு கம்பி என்றால் 100க்கு 20 பேர்.
மூன்று கம்பி என்றால் 100க்கு 6 பேர்.
நான்கு கம்பி என்றால் 100க்கு ஒன்றரைப் பேர்.

இனி, கம்பியைக் கூட்டாமல் நேரத்தைக் குறைத்துப் பார்ப்போம். அதே 6 பேரும் 5 நிமிடத்தில் வேலையை முடித்தால், இரண்டு கம்பியிலேயே திரும்பிப் போகிறவர்கள் 100க்கு 8 பேராகக் குறைகிறார்கள். மூன்றாவது கம்பி வாங்கியதற்குக் கிட்டத்தட்டச் சமமான பலன், ஒரு சதச் செலவும் இல்லாமல். மாத வாடகையைக் கூட்டுவதற்கு முன் பாவனை நேரத்தைக் குறைக்க வழி தேடு என்பது நல்ல பொறுப்பாளர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட முதற்பாடம்.

நேரத்தைக் குறைத்த விதிகள்

பலகைகள் பொதுவாகக் கைக்கொண்ட விதிகள் இவை.

*நாளாந்த எல்லை.* ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை நிமிடம் என்று வைத்தார்கள். முடிந்ததும் பலகை தானாகத் துண்டிக்கும். சில பலகைகளில் இன்று மிச்சமான நிமிடங்களை ‘நேர வங்கி’யில் போட்டுவைத்து நாளை எடுக்கலாம்.

*சும்மா இருந்தால் வெளியே.* சில நிமிடம் எந்த விசையும் தட்டப்படாவிட்டால் இணைப்பு அறுக்கப்படும். தேநீர் குடிக்கப் போனவருக்காக ஊர் காத்திருக்கத் தேவையில்லை.

*தந்தால் பெறலாம்.* கோப்பு ஒன்றை ஏற்றினால் இத்தனை கோப்பு இறக்கலாம் என்று விகிதம் வைத்தார்கள். எடுப்பவர்கள் மட்டுமே நிறைந்த பலகை விரைவில் வெறும் பலகையாகிவிடும்.

*படிநிலை.* புதியவருக்குக் குறைந்த நேரம், நம்பிக்கை பெற்றவருக்குக் கூடிய நேரம். சில பலகைகள் புதியவர் தந்த இலக்கத்துக்குத் திரும்ப அழைத்து உறுதிசெய்த பின்னரே கதவைத் திறந்தன.

*கொண்டுபோய் வாசி.* எல்லா விதிகளிலும் பலன் கூடியது இதுதான். 2,400 பிட் வேக மோடம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 240 எழுத்துகளை அனுப்பும். 1,500 எழுத்துகள் கொண்ட 50 செய்திகள் என்றால் 75,000 எழுத்துகள். கம்பியில் இருந்துகொண்டே வாசித்துப் பதில் எழுத முக்கால் மணித்தியாலமாவது போகும். அதே செய்திகளை ஒரு பொதியாகச் சுருக்கி இறக்கிக்கொண்டால் மூன்று நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டில் ஆறுதலாக வாசித்து, பதில்களை எழுதிவைத்து, அடுத்த அழைப்பில் ஒரே கட்டாக ஏற்றலாம். ‘கியூ.டபிள்யூ.கே.’ என்ற பொதி முறை இதற்காகவே வந்தது.

*விட்ட இடத்தில் தொடங்கு.* இரைச்சலான கம்பியில் கோப்பு பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. 1986இல் வந்த ‘இசட்மோடம்’ முறை அறுந்த இடத்திலிருந்து தொடர உதவியது. அடிக்கடி அறும் இணைப்புள்ள ஊருக்கு இது சிறிய விடயமல்ல.

காசு எங்கிருந்து வந்தது?

ஒரு பலகையின் செலவு நான்கு வகை. கணினியும் மோடமும் என்ற ஒருமுறைச் செலவு. கம்பிக்கான மாத வாடகை. மின்சாரம். மற்றப் பலகைகளோடு செய்தி பரிமாறும் தூர அழைப்புக் கட்டணம். முதல் மூன்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். பல பலகைகளைக் கடனில் தள்ளியது நான்காவதுதான்.

இதற்கு 1984இல் டொம் ஜெனிங்ஸ் தொடங்கிய ‘பைடோநெற்’ ஒரு விடை கண்டது. பகலில் வரும் கடிதங்களைச் சேர்த்துவைத்து, அழைப்புக் கட்டணம் குறைந்த நள்ளிரவில், மனிதப் பாவனையாளர்களை நிறுத்திவைத்து, பலகைகள் தமக்குள் அழைத்துப் பரிமாறிக்கொண்டன. ஒரு நகரத்தில் பத்துப் பலகை இருந்தால் பத்தும் தூர அழைப்பு எடுப்பதில்லை. ஒன்று எடுத்து மற்றவற்றுக்கு உள்ளூர் அழைப்பில் பங்கிடும். கடிதம் ஓரிரு நாள் தாமதிக்கும், ஆனால் போய்ச் சேரும். 1990களின் நடுவில் இப்படி இணைந்த பலகைகள் 30,000க்கும் மேல்.

வருமானத்துக்கு மூன்று வழி இருந்தது. பொறுப்பாளரின் சட்டைப்பை, பாவனையாளர் நன்கொடை, கட்டாயச் சந்தா. சட்டைப்பையில் ஓடிய பலகை அந்த ஒருவருக்குக் கலியாணமோ வேலை மாற்றமோ வந்ததும் நின்றது. நன்கொடையில் ஓடியது முதல் மாதங்களில் பொங்கி, பிறகு வற்றியது. சந்தா வைத்தவை நிலைத்தன. ஆனால் வசதியில்லாதவரை வெளியே நிறுத்தின. இதற்குப் பலர் கண்ட நடுவழி, வாசிப்பதும் எழுதுவதும் எல்லோருக்கும் இலவசம், கூடிய நேரமும் கோப்பு இறக்குவதும் சந்தா கட்டியவருக்கு என்பது.

எங்கள் ஊர் மரண உதவிச் சங்கங்களும் சீட்டுக் குழுக்களும் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டன. சிறிய தொகை, தவறாத திகதி, எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்குக் கொப்பி. ஒருவரின் தாராளத்தைவிடப் பலரின் ஒழுங்கு நீண்டநாள் தாங்கும்.

செலவு எப்போதும் தொழில்நுட்பத்திலிருந்துதான் வரும் என்றில்லை. இந்தியாவில் 1989இல் சுசித் நந்தா மும்பையில் ‘லைவ் வயர்’ பலகையைத் தொடங்கினார். பெங்களூரில் அதுல் சிட்னிஸ் ‘சிக்ஸ்’ பலகையை நடத்தினார். 1990களின் நடுப்பகுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை பலகை நடத்துவோரிடம் ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபா உரிமக் கட்டணம் கேட்டது. ஓர் அறையில் ஓடும் சிறு பலகைக்கு அது மூடுவிழாக் கட்டணம். உரிமையாளர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள்.

போருக்குள் ஒரு பலகை

எங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய உதாரணம் முன்னாள் யூகோஸ்லாவியாவில் உண்டு. அங்கே போர் தொடங்கியதும் சேர்பியாவுக்கும் குரோஷியாவுக்கும் இடையிலான தொலைபேசித் தொடர்புகள் அறுக்கப்பட்டன. ஒரே மொழி பேசி, ஒரே குடும்பமாக இருந்தவர்கள் எல்லையின் இருபுறமும் குரல் கேட்காமல் நின்றார்கள். 1992இல் அமைதிச் செயற்பாட்டாளர்கள் ‘சமீர்’ என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். அந்த மொழியில் ‘சமாதானத்துக்காக’ என்று பொருள். சாக்ரெப்பில் ஒரு பலகை, பெல்கிறேட்டில் ஒரு பலகை. ஒன்றையொன்று அழைக்க முடியாது. ஆனால் இரண்டும் ஜேர்மனியை அழைக்கலாம். ஆகவே சாக்ரெப் கடிதங்கள் ஜேர்மனியின் பீலபெல்ட் நகரத்துப் பலகைக்குப் போய், அங்கிருந்து பெல்கிறேட்டுக்கு வந்தன. பின்னர் முற்றுகையில் இருந்த சரயேவோவிலும் ஒரு பலகை இயங்கியது.

இருநூறு முந்நூறு மைல் தூரத்துக் கடிதம் வேறொரு நாட்டைச் சுற்றி வந்தது. வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தைச் சாதாரணப் பாவனையாளர் தாங்கியிருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த உதவியும் கட்டுக்கட்டாக அனுப்பும் முறையும் இருந்ததால்தான் அது ஓடியது.

படுவான்கரைக்கு இது அந்நியமான கதையல்ல. போர்க் காலத்தில் அங்கே வீட்டுத் தொலைபேசி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க, ஆற்றைக் கடந்து, சோதனைச் சாவடியைக் கடந்து, எழுவான்கரையில் இருந்த ‘கொமியூனிகேசன்’ கடைக்கு வந்தார்கள். இன்ன திகதி இன்ன நேரம் என்று கடிதத்தில் முன்கூட்டியே சொல்லி, பிள்ளை கடை இலக்கத்துக்கு எடுக்கும். வாங்கில் வரிசை. உள்ளே வரும் அழைப்புக்கும் நிமிடக் காசு. பின்னால் நிற்கும் தாய்க்கு வரும் அழைப்பு அறுந்துவிடும் என்று கடைக்காரர் கையைக் காட்டுவார். ஒரு கம்பி, நூறு பேர், நேர எல்லை, கட்டணம். அந்தக் கடைகள் கணினி இல்லாத பலகைகள்தான்.

இலங்கையில் மின்னஞ்சலும் இதே முறையில்தான் தொடங்கியது. 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய ‘லேர்ன்மெயில்’, தொலைபேசி அழைப்பின் வழியாகக் கல்வியாளர்களின் கடிதங்களைச் சேர்த்து அனுப்பிப் பெற்றது. வர்த்தக இணைய சேவை 1995இல்தான் வந்தது. கிரானிலிருந்து சில மைல் தூரத்தில், வந்தாறுமூலையில், 1986இலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் 1990 செப்டெம்பரில் அந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. அம்மாதம் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். நாட்டின் ஒரு முனையில் மின்னஞ்சல் தொடங்கிய ஆண்டில், இங்கே பெயர்ப்பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்று ஊரில் வைப்பதானால்

இனி அந்த இளைஞர்களின் கேள்விக்கு நேரடிப் பதில்.

*இயந்திரம்.* கைப்பிடியளவு சிறு கணினி ஒன்றும் வைபை ரூட்டர் ஒன்றும் போதும். அருகில் வருபவர் கைத்தொலைபேசியில் இணைந்து பலகையைப் பார்க்கலாம். வெளி இணையம் இல்லாவிட்டாலும் உள்ளூர்ப் பலகை ஓடும். ஆனால் வீட்டு ரூட்டரின் எட்டுதூரம் திறந்த வெளியிலும் சில பத்து மீற்றர்தான். ஆகவே மக்கள் எப்படியும் கூடும் இடத்தில் வைக்க வேண்டும். நூலகம், கோயில் மண்டபம், படகுத்துறை அருகிலுள்ள கடை. இரண்டு கரையிலும் ஒவ்வொன்று வைத்து, படகில் வரும் ஒருவரின் தொலைபேசியிலேயே செய்திப் பொதியைக் கொண்டுபோய் மாற்றினால் அதுவே ஒரு பைடோநெற்.

*இணைப்பு எண்ணிக்கை.* சாதாரண ரூட்டரில் இருபது முப்பது பேர் சேரும்போதே வேகம் விழத் தொடங்கும். எழுத்து மட்டும் என்றால் அது உறைக்காது. யூனிகோட் தமிழில் ஓர் எழுத்துக்குறி 3 பைட் பிடிக்கும். 1,500 குறிகள் கொண்ட அறிவித்தல் ஏறத்தாழ 4.5 கிலோபைட். 2 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் இப்படி 400 அறிவித்தல்கள் அடங்கும். ஆகவே படங்களைச் சுருக்கு, காணொளியைத் தவிர், சும்மா இணைந்திருப்பவரைச் சில நிமிடத்தில் விடுவி. பழைய விதிகள் அப்படியே பொருந்துகின்றன.

*மின்சாரம்.* இரண்டும் சேர்ந்து 15 வாற் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 11 அலகு. மின்வெட்டுக்கு 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் பாதியை மட்டும் பாவித்தாலும் 40 மணித்தியாலம் தாங்கும். வெள்ள நாளில் இந்த 40 மணித்தியாலம்தான் முக்கியம்.

*கணக்கு.* மாதச் செலவைப் பாவனையாளர் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள். தவறாமல் கட்டக்கூடியவர் எண்ணிக்கையால் பிரியுங்கள். கையில் மூன்று மாதச் செலவு இருந்த பிறகே தொடங்குங்கள். கணக்கைப் பலகையிலேயே போடுங்கள். புலம்பெயர்ந்த உறவு தரும் காசை இயந்திரம் வாங்கப் பாவியுங்கள், மாதச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

*பெயர்ப்பட்டியல்.* இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். பலகையின் பொறுப்பாளருக்கு யார் வந்தார், யாருக்கு எழுதினார் என்பது தெரியும். பழைய சிசொப்கள் விரும்பினால் தனிக்கடிதங்களையும் வாசிக்க முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களும் காணிக்காகப் போராடுபவர்களும் எழுதும் பலகையில் அந்தப் பதிவு யாருடைய கைக்கும் போகலாம். தேவையில்லாத எதையும் சேமிக்க வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் கேட்க வேண்டாம். வருகைப் பதிவுகளைக் குறுகிய காலத்தில் அழியுங்கள். சேகரிக்காத பட்டியலை யாரும் கேட்டு வாங்க முடியாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் தொலைத்தொடர்பு ஒழுங்குவிதிகளையும் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பட்டியல் அழியலாம், பலகை அழியக்கூடாது

இந்தக் கடைசி விடயம் செலவோடு சேர்ந்தது. 2009 ஒக்ரோபரில் ‘ஜியோசிற்றீஸ்’ என்ற இலவச இணைய இடம் மூடப்பட்டது. உலகெங்கும் எத்தனையோ பேர், தமிழரும்தான், தங்கள் பக்கங்களை அங்கே வைத்திருந்தார்கள். நம்மில் பலர் முள்வேலி முகாம்களுக்குள் இருந்த ஆண்டு அது. யாழ் நூலகத்தை 1981இல் எரித்தவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் தீ வைக்காமலும் ஏடுகள் போகும். இடத்துக்கான கட்டணம் கட்டப்படாமல் போனால் போதும், பொறுப்பாளர் களைத்துப் போனால் போதும். 2005இலிருந்து ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் நிலைத்து நிற்பதற்கு, ஒருவரின் சட்டைப்பையை மட்டும் நம்பாமல் பலரின் சிறு பங்களிப்பையும் தன்னார்வத்தையும் சேர்த்ததே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே பலகை தொடங்கும் நாளிலேயே மூன்று பேருக்குச் சாவி இருக்கட்டும். அறிவித்தல்களின் பிரதி ஒன்று மாதந்தோறும் வேறு வீட்டில், வேறு கரையில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கட்டும். நாளைக்கு எத்தனை பேர் இணைவார்கள் என்பதை ஏர்லாங்கின் சூத்திரம் சொல்லும். பத்து ஆண்டுக்குப் பிறகும் அது இருக்குமா என்பதை அந்தக் கணக்குக் கொப்பிதான் சொல்லும்.